யாருமற்ற மணல்: மெரினாவை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

அதிகாரம் என்றதும் நம் தோழர்களுக்கு மதில் சுவரும் லத்தியும் சிறைக் கம்பியும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. அதில் தப்பில்லை, வாங்கிய அடி அப்படி. ஆனால் ஒரு நகரத்தில் அதிகாரம் செய்கிற வேலையில் பெரும்பகுதி மதில் கட்டி நடப்பதில்லை. கதவே இல்லாத, டிக்கெட் கேட்காத இடங்களில் அது இன்னும் நிதானமாக, யார் கண்ணிலும் படாமல் நடக்கிறது. அப்படி ஓர் இடமாக மெரினாக் கடற்கரையை எடுத்துக்கொண்டு பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

சுமார் ஆறு கிலோமீட்டர் நீளத்துக்குத் திறந்து கிடக்கும் மணல். சென்னைக்கு வருகிற எவரும் முதலில் பார்க்க ஆசைப்படுகிற இடம். காசு வேண்டாம், சிபாரிசு வேண்டாம், சாதி கேட்பவர் கிடையாது. ‘யார் வேண்டுமானாலும் வரலாம்’ என்பதுதான் அதன் புகழ். இந்த ‘யார் வேண்டுமானாலும்’ என்ற சொல்லாடல் எப்படிக் கட்டமைக்கப்பட்டது, அதற்காக யார் யார் அங்கிருந்து விலக்கப்பட்டார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது என்றால், பெரும்பாலும் அதைக் காலி செய்தவர் ஒருவர் இருக்கிறார், காலி செய்யப்பட்டவரும் ஒருவர் இருக்கிறார். அந்த வரலாறு மறந்துபோகும்போதுதான் அந்த வெறுமை இயற்கையாகத் தெரிகிறது, அழகாகவும் தெரிகிறது.

வெளி என்பது தானாகக் கிடப்பதல்ல, சமூக உறவுகளால் உற்பத்தி செய்யப்படுவது என்று 1974-ல் வந்த தன் நூலில் ஹென்றி லெஃபெவ்ர் வாதிட்டார். அதிகாரம் ‘கூடாது’ என்று தடுப்பது மட்டுமல்ல, பழக்கங்களையும் ஆசைகளையும் உண்டாக்குவதும்தான் என்றார் ஃபூக்கோ. இவர்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் நம்மில் பலர் நேராக பாரிஸுக்குப் போய்விடுவார்கள்: 1848-ல் தொழிலாளர்கள் தடுப்பரண் எழுப்பிய குறுகல் தெருக்களை ஓஸ்மான் எப்படி இடித்து அகல வீதிகள் போட்டார் என்ற கதை. நல்ல கதைதான். ஆனால் அதற்கு பாரிஸுக்குப் போவானேன், பாரிமுனையில் பஸ் பிடித்தால் போதுமே.

2

முதலில் மணல். மெரினாவின் மணலை ‘இயற்கை தந்த கொடை’ என்று சுற்றுலாத் துறையும் பள்ளிக்கூடக் கட்டுரையும் சொல்லும். அது அப்படியல்ல. ஆங்கிலேயர் ஜார்ஜ் கோட்டை கட்டிய பதினேழாம் நூற்றாண்டில் அலை கோட்டைச் சுவரருகே வந்து மோதிக்கொண்டிருந்தது. இன்று கோட்டைக்கும் அலைக்கும் நடுவே அகலமான சாலையும் நிலமும் இருக்கின்றன. நடுவில் நடந்தது துறைமுகம்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும், சரக்கையும் சீமாட்டிகளையும் மசூலாப் படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கரைசேர்த்தவர்கள் இந்தக் கடற்கரையின் படகோட்டிகள். 1870-களின் நடுவில் கடலுக்குள் கல்லைக் கொட்டிச் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அதை உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். கட்டுமானம் எழுந்ததும் இரண்டு காரியங்கள் நடந்தன. படகோட்டிகளின் பிழைப்பு மெல்ல மெல்லப் போயிற்று. மணலின் பாதையும் மறிக்கப்பட்டது.

சோழமண்டலக் கரையில் அலை ஆண்டு முழுவதும் மணலை நகர்த்திக்கொண்டேயிருக்கிறது. மொத்தக் கணக்கில் பார்த்தால் அந்த ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. குறுக்கே கற்சுவர் நின்றதால் மணல் அதற்குத் தெற்கே தங்கியது. மெரினா அகன்றது அப்படித்தான். வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல் போய்ச் சேராததால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துக் கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. வீடும் கோயிலும் தெருவுமாகக் கடலுக்குள் போன மீனவக் கிராமங்கள் அங்கே உண்டு. பாறாங்கல்லைக் கொட்டி மிச்சக் கரையைக் காப்பாற்றுகிற வேலை இன்றுவரை நடக்கிறது.

வடசென்னையில் ஒரு தெரு கடலில் போனதற்கும், தென்பக்கம் ஒரு குடும்பம் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்பதற்கும் ஒரே காரணம். இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை. மெரினாவின் அழகு ஒரு பக்கத்து மனிதர்களிடமிருந்து எடுத்து இன்னொரு பக்கத்தில் சேர்த்ததால் வந்தது. யாரும் திட்டமிட்டு அப்படிச் செய்யவில்லை என்று சொல்லலாம். திட்டமிடாமலே ஒரு சாராரின் நஷ்டம் இன்னொரு சாராரின் உல்லாசமாக மாறுகிறது என்றால், அந்த நகரத்தின் அமைப்புக்குள்ளேயே அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது என்றுதானே பொருள்?

3

அடுத்தது பெயர். சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768 வாக்கில் அரண்மனை கட்டினார். அதன் தோட்டம் கடல்வரை நீண்டது. 1801-ல் கம்பெனி கர்நாடகத்தின் நிர்வாகத்தைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. 1855-ல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்ததும் பட்டத்தையே ஒழித்துவிட்டது. நவாபின் கடனுக்காக அரண்மனை ஏலத்துக்கு வந்தது. ஏலம் விட்டதும் அரசு, எடுத்ததும் அரசு. ஒரு அரசவம்சத்தின் வீட்டு வாசல் இப்படித்தான் ‘அரசு நிலம்’ ஆயிற்று.

அதன்பின் இந்தோ–சாரசெனிக் பாணிக் கட்டிடங்கள் வரிசையாக எழும்பின. சிஷோம் வடிவமைத்த மாநிலக் கல்லூரி, செனட் இல்லம், அரண்மனையை ஒட்டிய கோபுரம். தோற்கடித்து ஏலத்தில் எடுத்த நவாபின் கட்டிடக்கலையையே தன் முகத்துக்குப் பூசிக்கொண்டது பேரரசு. 1881-லிருந்து 1886 வரை கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் கடலோரம் உலாச் சாலை போட்டு, சிசிலியில் தான் பார்த்த கடற்கரையின் ஞாபகத்தில் 1884-ல் அதற்கு ‘மெரினா’ என்று பெயர் வைத்தார். அந்த வேளையில் அங்கே பெயரில்லாமலா இருந்தது? திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், குப்பங்களுக்கு ஒவ்வொன்றாகத் தனித்தனிப் பெயர் என்று வாழ்ந்தவர்கள் வைத்த பெயர்கள் இருந்தன. அவை வேலை செய்பவர்களின் பெயர்கள். ‘மெரினா’ என்பது உலாவுபவரின் பெயர். பெயர் மாறும்போது அந்த இடத்தில் என்ன செய்யலாம் என்பதும் மாறிவிடுகிறது. வலை உலர்த்துகிற இடம் காற்று வாங்குகிற இடமானது.

இந்தப் பெயர் வந்து நான்கே ஆண்டில் சென்னை நகரப் போலீஸ் சட்டம் வந்தது, 1888-ல். அதன் 41-ஆம் பிரிவு நகரத்தில் கூட்டம், ஊர்வலம் எதற்கும் போலீஸ் கமிஷனருக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்கிறது. கமிஷனர் விரும்பினால் தடுக்கலாம், ஒரு உத்தரவு பதினைந்து நாளுக்கு. வெள்ளைக்காரன் போய் முக்கால் நூற்றாண்டு தாண்டிய பிறகும் இந்தப் பிரிவு உயிரோடு இருக்கிறது. பதினைந்து நாள் முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டே போவது நடைமுறையாகிவிட்டது. நகரத்தில் தொடர்ந்து ஒரு தடையுத்தரவு அமலில் இருக்கிறது என்பதே சென்னைவாசிகளில் பலருக்குத் தெரியாது. உலாவ வருகிறவனுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கூடிப் பேச வருகிறவன்தான் அதில் போய் முட்டிக்கொள்கிறான்.

4

ஆனால் ஒரு வெளியை உண்டாக்கியவர்கள் நினைத்தபடியே அது நடந்துவிடுவதில்லை. கவர்னரின் உலாச் சாலையை மக்கள் வேறு விதமாக வாசித்தார்கள். 1907-ல் பிபின் சந்திர பாலர் சென்னைக்கு வந்து கடற்கரையில் பேசினார். அவரை வரவழைத்ததில் பாரதிக்கும் பங்குண்டு. பிறகு அங்கே ஒரு பகுதிக்குத் திலகர் திடல் என்று பெயர் நிலைத்தது. சிசிலிக்குப் பதில் திலகர். 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மேதினக் கூட்டங்களை நடத்தினார். ஒன்று உயர்நீதிமன்றம் எதிரே கடற்கரையில், இன்னொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். அவர் மீனவச் சமூகத்தில் பிறந்தவர் என்பதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். 1930 ஏப்ரலில் உப்புச் சத்தியாகிரகத்தின்போது அதே கரையில் கூட்டத்தின்மீது போலீஸ் சுட்டது. 1938 செப்டம்பரில் திருச்சியிலிருந்து நடந்து வந்த இந்தி எதிர்ப்புப் படையை வரவேற்ற மாபெரும் கூட்டமும் அங்கேதான். பின்னாளில் சீரணி அரங்கம் கட்சிகளின் பெரிய மேடையாக இருந்தது.

‘பொதுக்களம்’ பற்றி ஹேபர்மாஸ் எழுதியபோது காப்பிக் கடையையும் பத்திரிகையையும் மனதில் வைத்திருந்தார். நமக்கு அது மணலில் உருவானது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் வந்து உட்கார்ந்து கேட்கக்கூடிய களம் அது. கோயில் பிரகாரத்திலோ அக்கிரகாரத் தெருவிலோ இது நடந்திருக்காது.

இந்த இடத்தில் ‘நம் மரபிலேயே பொது இடம் இருந்ததே’ என்று தமிழாசிரியர்கள் குறுக்கிடுவார்கள். நானும் தமிழ் எம்.ஏ. படித்தவன், வகுப்பில் கேட்டிருக்கிறேன்: மன்றம், பொதியில், அம்பலம். சொற்கள் இருந்தன, மறுக்கவில்லை. அந்த அம்பலத்தில் சேரிக்காரர் உட்கார முடிந்ததா? ஊர்ப்பொதுக் கிணற்றில் தண்ணீர் சேந்த முடிந்ததா? பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லா மக்களுக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் 1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. ‘பொது’ என்றால் எல்லோருக்கும் என்று பொருள் என்பதைச் சட்டமன்றத்தில் சொல்லி நிறைவேற்ற வேண்டியிருந்த சமூகம் இது. நம் மொழியில் ‘பொது’ என்ற சொல்லுக்குள் எப்போதும் ஒரு வாசற்படி இருந்திருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் புகார் நகரத்தையும் இந்தக் கண்ணோடு திரும்பப் படிக்கலாம். நகரம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் மீன் விற்பவர், உப்பு விற்பவர், தச்சர், கொல்லர், தோல் வேலைக்காரர். உள்ளே பட்டினப்பாக்கத்தில் அரச வீதி, பெருவணிகர் மாடம், அந்தணர் வீதி. நடுவே நாளங்காடி. இந்திர விழாவின் கோலாகலத்தை ரசிக்கக் கற்றுத்தந்த நம் பாடத்திட்டம் இந்தக் கோட்டைக் கேள்வி கேட்கக் கற்றுத்தரவில்லை. நெய்தல் திணையும் அப்படித்தான் வகுப்பில் நடந்தது. இரங்கலும் இரங்கல் நிமித்தமும் என்று மனப்பாடம் செய்தோம். உப்பு விற்கும் உமணரும் மீன் உணக்கும் பெண்களும் அந்தப் பாடல்களுக்குள்ளேயே இருந்தாலும், அவர்களைத் தலைவியின் ஏக்கத்துக்கான பின்னணியாகத்தான் வாசிக்கப் பழகினோம். கடற்கரையை உழைப்பின் இடமாகப் பார்க்காமல் உணர்ச்சியின் இடமாகப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் பாடப்புத்தகம் வழியே வந்து சேர்ந்தது. மெரினாவை அழகுபடுத்துகிற அதிகாரியும் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் வேலைக்கு வருகிறார்.

5

அழகு என்ற சொல்லுக்கு வருவோம். மெரினாவில் இன்றைக்கும் நொச்சிக்குப்பம், நடுக்குப்பம், அயோத்திக்குப்பம், மாட்டாங்குப்பம் என்று மீனவக் குடியிருப்புகள் இருக்கின்றன. 1985 இவர்கள் ஞாபகத்தில் ரத்தக்கறையோடு இருக்கிற ஆண்டு. அந்த ஆண்டு ஜூலையில்தான் உச்சநீதிமன்றம் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று சொன்னது. அதே நாளில் சென்னைக் குடிசைவாசிகளுக்காகத் தொடரப்பட்ட கே. சந்துரு வழக்கிலும் தீர்ப்பு வந்தது. ஆண்டு முடிவதற்குள் எம்.ஜி.ஆர். அரசு கடற்கரையை அழகுபடுத்துவதாகச் சொல்லிக் கட்டுமரங்களையும் வலைகளையும் மணலிலிருந்து அகற்ற இறங்கியது. மீனவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டது, மீனவர்கள் செத்தார்கள். படகோட்டியாக நடித்து மீனவர்களின் அன்புக்குரியவராக இருந்தவரின் ஆட்சி அது.

கட்டுமரம் எப்படி அழகைக் கெடுத்தது? ஓவியத்தில் வரைந்தால் அழகு, காலண்டரில் அச்சிட்டால் அழகு. நிஜமாக மணலில் கிடந்து வெயிலில் காய்ந்து வாடை அடித்தால் ஆக்கிரமிப்பு. உழைப்பின் தடயம் கண்ணில் படாமலிருப்பதையே நகரத்து நடுத்தர வர்க்கம் அழகு என்று கருதுகிறது. காற்று வாங்குகிற உரிமைக்கு மேல்தான் மீன் விற்கிற உரிமை.

1959-ல் தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை அங்கே நிறுவப்பட்டது. நான்கு ஆண்கள் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். நல்ல சிற்பம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கரையிலேயே அன்றாடம் வலை இழுப்பவரும் கூடை சுமக்கும் பெண்ணும் அந்த ‘உழைப்பாளர்’ என்ற சொல்லுக்குள் வரவில்லை. உழைப்பை வெண்கலமாக்கி நிறுத்திய அரசியல், உழைக்கிறவரை அப்புறப்படுத்துவதற்குத் தடையாக இருக்கவில்லை.

கண்ணகி கதை இன்னும் விசேஷம். 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி நிறுவப்பட்ட சிலைகளில் ஒன்று அவளுடையது. 2001 டிசம்பரில் அது இரவோடிரவாகக் காணாமல் போனது. லாரி மோதிப் பீடம் சேதமானதாகக் காரணம் சொன்னார்கள். தமிழறிஞர்களும் கட்சிகளும் கொதித்தார்கள். 2006 ஜூனில் புது ஆட்சி சிலையைத் திரும்ப நிறுவியது. இதே காலத்தில், 2000-லிருந்து, நகரத்தின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்ட குடிசைவாசிகள் தெற்கே துரைப்பாக்கத்தை ஒட்டிய சதுப்பு நிலப்பக்கம் கொண்டுபோய்க் கொட்டப்பட்டார்கள். அந்தக் குடியிருப்புக்கு வைத்த பெயர் கண்ணகி நகர். ஒரு சிலையை நகர்த்தியதற்கு எழுந்த கோபத்தில் நூறில் ஒரு பங்கு, ஆயிரக்கணக்கான குடும்பங்களை நகர்த்தியதற்கு எழவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு பாதுகாப்பு என்ற பெயரில் கடலோரக் குடும்பங்கள் செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டன. கடலில் பிழைப்பவனைக் கடலிலிருந்து காப்பாற்றுவது விநோதமான கருணை.

2003-ல் இரண்டு சம்பவங்கள். கடற்கரைச் சாலையிலிருக்கும் ராணி மேரிக் கல்லூரியை இடித்துவிட்டுப் புதுத் தலைமைச் செயலகம் கட்ட ஜெயலலிதா அரசு முயன்றது. மாணவிகள் கல்லூரிக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள், கல்லூரி பிழைத்தது. அதே ஆண்டில் சீரணி அரங்கம் ஓர் இரவில் இடிக்கப்பட்டது. அரங்கத்துக்காக உள்ளே உட்கார யாருமில்லை. மேடை போனது, மணல் இன்னும் அழகானது.

6

2017 ஜனவரி பற்றி நம் பத்திரிகைகளில் நிறைய எழுதியாகிவிட்டது. ஜனவரி 17 அன்று சிறு கூட்டமாகத் தொடங்கிய ஜல்லிக்கட்டுப் போராட்டம் சில நாட்களில் கரை முழுவதும் நிரம்பியது. நானும் இரண்டு இரவுகள் அந்த மணலில் இருந்தேன். ஜல்லிக்கட்டின் சாதி அரசியல் பற்றி அப்போதும் எனக்குக் கேள்விகள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. இங்கே சொல்ல வந்தது வேறு. ஜனவரி 23 காலை போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது. அலையோரம் ஒதுங்கிய மாணவர்களுக்குச் சோறும் தண்ணீரும் ஒளிந்துகொள்ள இடமும் கொடுத்தவர்கள் குப்பத்து மக்கள். அதற்கான விலையையும் அவர்களே கொடுத்தார்கள். நடுக்குப்பத்து மீன் சந்தை எரிந்தது. வீடு புகுந்து அடித்ததாகப் பெண்கள் சொன்னார்கள். போலீஸ்காரர்களே தீ வைப்பதாகக் காட்டும் காணொளிகள் பரவின, போலீஸ் மறுத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி இராஜேஸ்வரன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது.

அந்த ஒரு நாளில் இரண்டு வரலாறுகளும் ஒரே மணலில் சந்தித்தன: கூடிப் பேச வந்தவரை விரட்டும் வரலாறு, அங்கேயே வாழ்பவரை அடக்கும் வரலாறு. நம் எழுத்தில் முதலாவது காவியமாகிவிட்டது. இரண்டாவது அடிக்குறிப்பாகவே நிற்கிறது.

பிறகு மெரினா பூட்டப்பட்டது, பூட்டு தெரியாமல். ஜனவரி கடைசியிலேயே தடையுத்தரவு. மே மாதம் ஈழத்தில் இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்ற முயன்ற மே பதினேழு இயக்கத்தின் திருமுருகன் காந்தியும் மூன்று பேரும் கைதானார்கள். குண்டர் சட்டம் அவர்கள்மேல் பாய்ந்தது. அதை உயர்நீதிமன்றம் செப்டம்பரில் ரத்து செய்தது. காவிரிக்காக விவசாயி அய்யாக்கண்ணு மெரினாவில் உண்ணாவிரதம் இருக்க அனுமதி கேட்டபோது, 2018 ஏப்ரலில் தனி நீதிபதி ஒரு நாள் அனுமதித்தார். அரசு மேல்முறையீடு செய்தது. அதே ஆண்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த அனுமதியை ரத்து செய்தது. மெரினா உல்லாசத்துக்கானது, போராட வேறு இடங்கள் உண்டு என்பது அரசுத் தரப்பு நியாயத்தின் சாரம்.

அதே 2018 ஆகஸ்டில் கலைஞர் கருணாநிதியை அந்த மணலில் அடக்கம் செய்ய அன்றைய அரசு மறுத்தது. நள்ளிரவில் நீதிமன்றம் கூடியது, மறுநாள் காலை அனுமதி கிடைத்தது. அண்ணா 1969-ல், எம்.ஜி.ஆர். 1987-ல், ஜெயலலிதா 2016-ல் அங்கே அடக்கமானவர்கள். அந்தத் தலைவர்கள்மேல் மக்களுக்குள்ள பிரியத்தை நான் பரிகசிக்கவில்லை. கேட்பது இதைத்தான்: ஆண்டவர் நிரந்தரமாகப் படுத்திருக்கலாம், ஆளப்படுபவர் ஒரு பகல் பட்டினியோடு உட்காரக் கூடாது என்றால் அந்த மணல் யாருடையது?

7

இப்போது லூப் சாலை. கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே, நொச்சிக்குப்பத்தின் வீடுகளுக்கும் படகுகளுக்கும் நடுவே போகிற சாலை. வலை பின்னுகிற, மீன் காய வைக்கிற, ஏலம் போடுகிற இடத்தின் ஊடாகப் போடப்பட்டது. பிறகு சாந்தோம் நெரிசலைக் குறைக்க வாகனங்கள் அதில் திருப்பிவிடப்பட்டன. 2023 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்து, சாலையோர மீன் கடைகளைப் போக்குவரத்து இடைஞ்சல் என்ற நோக்கில் பார்த்தது. மாநகராட்சி கடைகளை அகற்ற இறங்கியது. மீனவர்கள் படகையும் வலையையும் சாலையில் போட்டு மறித்தார்கள். 2024 ஆகஸ்டில் 366 கடைகள் கொண்ட நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது.

‘ரோடு வந்தப்புறம் நாங்க வந்தமா, நாங்க இருக்கச்சே ரோடு வந்துச்சா?’ என்பது அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் திருப்பிக் கேட்கிற கேள்வி. ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லின் முழு அரசியலும் இதில் அடங்கியிருக்கிறது. பின்னால் வந்த சாலை பொது ஆனது, முன்னால் இருந்தவர் ஆக்கிரமிப்பாளர் ஆனார். வருவாய்த் துறை அகராதியில் ‘புறம்போக்கு’ என்றால் வரி விதிக்கப்படாத, ஊர் எல்லோரும் புழங்குகிற நிலம். நம் வாயில் அது வசைச்சொல்லாகி எத்தனையோ காலம். எவர் பெயரிலும் பட்டா இல்லாமல் எல்லோரும் சேர்ந்து புழங்குவதை ஒரு உரிமையாகப் பார்க்க நம் சட்டத்துக்கும் தெரியவில்லை, மொழிக்கும் தெரியவில்லை.

அங்காடி வந்தது நல்லதுதானே என்று கேட்பவர் உண்டு. கூரையும் தண்ணீர்க் குழாயும் யாருக்கும் கசக்காது. 2022-ல் மாற்றுத்திறனாளிகள் அலைவரை போக மரப்பாதை போட்டபோது, வாழ்நாளில் முதல்முறை கடலைத் தொட்டவர்கள் அழுதார்கள். ‘யார் வேண்டுமானாலும்’ என்ற சொல்லுக்குள் அதுவரை அவர்களும் இல்லை. ஆகவே அரசு எதையும் கட்டக் கூடாது என்பது என் வாதமல்ல. யார் கேட்டுக் கட்டப்படுகிறது, கட்டும்போது யார் பேச்சு எடுபடுகிறது என்பதே விஷயம். மரப்பாதை மாற்றுத்திறனாளிகள் ஆண்டுக்கணக்காகக் கேட்டுப் பெற்றது. நீலக்கொடிச் சான்றிதழுக்காக மெரினாவின் ஒரு பகுதியில் வைக்கப்பட்ட மூங்கில் குடைகளையும் சாய்விருக்கைகளையும் எந்தக் குப்பம் கேட்டது? சான்றிதழ் தருகிற அமைப்பின் தலைமையிடம் டென்மார்க்கில் இருக்கிறது. சிசிலியின் ஞாபகத்தில் பெயர் வைத்த கவர்னருக்கும் இதற்கும் நடுவே நூற்று நாற்பது ஆண்டுகள் போயிருக்கின்றன. நம் கடற்கரை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான மாதிரி இன்னமும் வேறெங்கிருந்தோதான் வருகிறது.

8

மறைந்திருக்கும் அதிகாரம் என்று பேசும்போது, எங்கோ ஓர் அறையில் நாலு பேர் உட்கார்ந்து சதி செய்வதாக நாம் கற்பனை செய்துகொள்கிறோம். மெரினாவின் கதையில் அப்படி யாரும் அகப்படவில்லை. நான் இதுவரை சொன்ன அத்தனையும் பகிரங்கமாக நடந்தவை: கெஜட்டில் வந்தவை, கோர்ட்டில் வாதாடப்பட்டவை, பத்திரிகையில் வெளியானவை. இருந்தும் அவை கண்ணில் படுவதில்லை. மணல் இயற்கை என்கிற நம்பிக்கையில், அழகு எல்லோருக்கும் ஒன்று என்கிற ரசனையில், ‘பொதுமக்களுக்கு இடைஞ்சல்’ என்கிற வாக்கியத்தில் அவை கரைந்துவிடுகின்றன. அந்தப் பொதுமக்களில் மீன் விற்பவர் உண்டா, முழக்கமிடுபவர் உண்டா என்று நாம் கேட்பதில்லை. அதிகாரம் மறைந்திருப்பது நம் பார்வைப் பழக்கத்துக்குள்.

எழுதுகிறவர்களும் களத்தில் நிற்கிறவர்களும் இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். கருத்துரிமைக்காக மெரினாவைக் கேட்கிற நாம், அதை நம் மேடையாக மட்டும் கேட்டால் கிராண்ட் டஃபின் வேலையைத்தான் தொடர்கிறோம். உலாவுபவனுக்குப் பதில் முழங்குபவன், அவ்வளவுதான் வித்தியாசம். கூடும் உரிமையும் கட்டுமரத்தை மணலில் போட்டுவைக்கும் உரிமையும் ஒரே கோரிக்கையாக எழுதப்பட வேண்டும். இரண்டையும் வெளியேற்றுவது ஒரே வாக்கியம், ஒரே போலீஸ் என்பதை 1985-உம் 2017-உம் காட்டிவிட்டன. சிங்காரவேலர் மேதினம் கொண்டாடிய கரையில் இந்த இரண்டும் பிரிந்து கிடக்க வேண்டிய அவசியம் என்ன?

இரண்டாவது, 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை யாரும் கேள்வி கேட்காமல் புதுப்பிக்கப்படுகிற அந்தத் தடையை, பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது யாராவது கேள்வி கேட்டாக வேண்டும். நம் இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களில் அதற்கு இன்னும் ஓர் எண் கிடைக்கவில்லை.